பெரிய மீனைத் திரும்ப விட: கைவலையா, உதடுபிடியா, வெறும் கையா?

"மீனின் உதட்டைக் கவ்வும் கிரிப்பர், அதாவது உதடுபிடி வாங்கலாமா, பெரிய கைவலை வாங்கலாமா?" நன்னீரில் பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்து, உயிரோடு திரும்ப விடத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் இரண்டையும் வாங்கிவிட்டு, தூண்டில் முள்ளையே வெட்டும் கட்டரை மட்டும் வாங்காமல் தண்ணீருக்குப் போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிப் போனவன்தான்.

அன்றைக்கு மாட்டியது ஒரு பைக் (pike) மீன், நீள உடம்பும் கூரிய பல்லும் உள்ள குளிர்நாட்டு வேட்டை மீன். என் கை நீளத்துக்கு மேல் இருக்கும். செயற்கை இரையில் இரண்டு மும்முனை முள். ஒன்று மீனின் தாடையோரத்தில், மற்றது கைவலையின் நைலான் கண்ணியில். மீன் திமிறத் திமிற வலை முறுக்கிக்கொண்டே போனது. என்னிடம் இருந்தது ஒரு சின்னக் குறடு மட்டும். படகுத் தளத்தில் மீனைக் கிடத்தி, வலையை அறுத்து, முள்ளைத் திருகி எடுத்து முடிக்க நாலு நிமிடம் ஆகியிருக்கும். தண்ணீரில் விட்டதும் வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. சரி, பிழைத்துக்கொண்டது என்று அடுத்த வீச்சுக்குத் தயாரானேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், காற்று தள்ளிய பக்கம் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இது மீனைத் தண்ணீருக்கு வெளியே வைக்கும் நேரத்தைக் குறைக்குமா, கூட்டுமா? கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

அந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. 1992-இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் ட்ரவுட் மீன்களை ஓய்ந்து போகும்வரை விரட்டி, சிலவற்றைக் காற்றிலும் பிடித்து வைத்துப் பார்த்தார்கள். விரட்டப்பட்டு, காற்றில் எடுக்கப்படாத மீன்களில் 12 மணி நேரம் கழித்து 88 சதவீதம் உயிரோடு இருந்தன. 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி இருந்தவற்றில் வெறும் 28 சதவீதம். எல்லா மீனும் ட்ரவுட் அளவுக்கு மென்மையானது இல்லை. கெண்டையும் கெளுத்தியும் நன்றாகவே தாங்கும். ஆனால் ஓய்ந்துபோன மீனுக்குக் காற்றில் போகும் ஒவ்வொரு விநாடியும் கடன்தான். செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூறு மீட்டர் ஓட்டம் ஓடி முடித்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவது போலத்தான் அது.

பெரிய மீனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் உடம்பைத் தாங்குவது தண்ணீர். முக்கால் கிலோ மீனை வாயைப் பிடித்துத் தொங்கவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். பத்துக் கிலோ மீனைத் தொங்கவிட்டால் அந்தப் பத்துக் கிலோவும் தாடை மூட்டிலும் முதுகெலும்பிலும் இழுக்கும். வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வால் பக்கம் சரியும். பைக், அதன் பெரிய உறவான மஸ்கி போன்ற இனங்களில் மிகப் பெரிய மீன்கள் அநேகமாகப் பெண் மீன்கள். அடுத்த பருவத்து முட்டை அதன் வயிற்றில்தான்.

கரைக்கு எடுப்பது எதில்?

இங்கே தேர்வு நாலு: கைவலை, தொட்டில் வலை, உதடுபிடி, வெறும் கை.

கைவலையில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணியை. முடிச்சுப் போட்ட முரட்டு நைலான் வலை மலிவு, லேசு, காயவும் சீக்கிரம் காயும். ஆனால் ஒவ்வொரு முடிச்சும் மீனுக்கு உப்புத்தாள் மாதிரி. செதிலைக் கழற்றும், துடுப்பைக் கிழிக்கும், உடம்பின் வழும்பை வழித்தெடுக்கும். அந்த வழும்புதான் மீனுக்குப் பூஞ்சையும் கிருமியும் ஏறாமல் காக்கிற மேல்பூச்சு. 2003-இல் ப்ளூகில் மீன்களை வைத்து நாலு வகை வலைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. வலையே படாத மீன்களில் ஒன்றும் சாகவில்லை. வலையில் எடுத்தவற்றில், வலையைப் பொறுத்து, 4 முதல் 14 சதவீதம் ஒரு வாரத்துக்குள் செத்தன. முடிச்சுள்ள வலைகளில்தான் காயமும் சாவும் அதிகம். முடிச்சில்லாத வலையும் ரப்பர் வலையும் மேல்.

இந்த இரண்டில் நான் ரப்பர் பூசியதைத்தான் சொல்வேன். முடிச்சில்லாத துணி வலை மீனுக்கு நல்லதுதான், ஆனால் மும்முனை முள் அதில் ஏறினால் நூலுக்குள் புதைந்துவிடும். என் பைக் மீன் விஷயத்தில் நடந்தது அதுதான். ரப்பர் பூச்சில் முள் ஏறாமல் இருக்காது, ஆனால் ஏறினாலும் ஒரு திருப்பில் வந்துவிடும். குறை என்னவென்றால் கனம். ஓடும் ஆற்றில் ரப்பர் வலையை ஒரு கையால் பிடித்துப் பாருங்கள், தோள் சொல்லும். முழு ரப்பரில் வார்த்த வலை இன்னும் கனம். இழை வலைமேல் ரப்பர் பூசியது நடுவாந்தரம், பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மீன் வலைக்குள் வளையாமல் கிடக்க வேண்டும். அடிப்பக்கம் கூம்பாகச் சுருங்கும் வலையில் பெரிய மீன் பிறைபோல் மடங்கிக் கிடக்கும். தட்டையான அடிப்பாகம் கொண்டதில் நேராகக் கிடக்கும். தலை முதலில் நுழைய வேண்டும். வாலிலிருந்து கோரப் போனால், தொட்டதும் சீறிப் பாயும். மீன் உள்ளே வந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, பிடியைப் பிடித்து அப்படியே மேலே தூக்குவது. பிடி வளையும், சில சமயம் ஒடியும். அதைவிட முக்கியம், தூக்கத் தேவையே இல்லை. வளையம் தண்ணீர்மட்டத்தில், பை தண்ணீருக்குள், மீன் பைக்குள். அது இப்போது ஒரு தொட்டி. குறடைத் தேடவும், கேமராவை எடுக்கவும், நீங்கள் மூச்சு வாங்கவும் அங்கே நேரம் இருக்கிறது. கைவலைக்கு நான் முதலிடம் கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

தொட்டில் வலை என்பது இரண்டு நீளக் கழிகளுக்கு நடுவே கட்டிய வலைத் துணி. நீளமான மீனுக்கு இதைவிட மெத்தென்ற ஏற்பாடு கிடையாது, மீன் படுத்த மேனிக்குக் கிடக்கும். ஆனால் ஒருவர் கழியைப் பிடிக்க, இன்னொருவர் மீனை உள்ளே நடத்தி வர வேண்டும். தனி ஆளுக்கு ஒத்துவராது. அதோடு, மீன் அமைதியாக வந்தால்தான் தொட்டிலுக்குள் போகும். அமைதியாக வர வேண்டுமென்றால் அதை இன்னும் கொஞ்சம் களைக்கவைக்க வேண்டியிருக்கும். அங்கே கணக்கு உதைக்கிறது.

உதடுபிடி பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பல்லுள்ள மீனின் வாய்க்குள் விரல் போகாமல் காப்பாற்றுகிறது, உண்மை. தண்ணீருக்குள்ளேயே மீனின் தலையை ஆடாமல் நிறுத்த, கிடைமட்டமாக, வயிற்றுக்கு இன்னொரு கை கொடுத்துப் பயன்படுத்தினால் நல்ல கருவிதான். ஆனால் அதைத் தயாரிக்கிறவர்களே பிடியில் தராசு வைத்து விற்கிறார்கள். தராசு இருந்தால் தொங்கவிடத்தான் கை போகும். தொங்கும் மீன் ஒரு தடவை சுழன்று திமிறினால் தாடையின் கீழ்ச் சவ்வு கிழியும். 2008-இல் போன்ஃபிஷ் என்ற கடல் மீனில் இதைச் சோதித்தபோது, தண்ணீருக்குள் பிடித்திருந்தபோதே பத்தில் எட்டு மீனுக்கு வாயில் காயம். வெளியே தூக்கியபோது ஒன்றும் தப்பவில்லை. போன்ஃபிஷ்ஷின் வாய் மென்மையானது, கெளுத்தியின் தாடை அப்படியில்லை என்று வாதாடலாம். சரி, கெளுத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைவலைக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள்.

வெறும் கை, பழகியவர்களுக்கு. பைக், மஸ்கி இனங்களுக்குச் செவுள் மூடிக்குக் கீழே விரலை நுழைத்து, மூடியின் உட்புறத்தோடு ஒட்டியபடியே தாடையின் முன்முனை வரை நகர்த்தினால் எலும்பான ஒரு முக்கு கிடைக்கும். அங்கே பிடிக்கலாம். விரல் சிவப்பு இதழ்களையும் அவற்றைத் தாங்கும் வளைவுகளையும் தொடவே கூடாது. தொட்டால் மீனுக்கும் ரத்தம், உங்களுக்கும் ரத்தம். எந்தப் பிடியானாலும் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். கையுறை போட்டால் அதையும் நனைக்க வேண்டும். காய்ந்த துணிக் கையுறை வழும்பைத் துடைத்தெடுக்கும் துடைப்பான், அதைவிட வெறும் ஈரக் கை எவ்வளவோ மேல்.

முள்ளை எடுக்க

மூக்கு நீண்ட குறடு இல்லாமல் யாரும் போவதில்லை. ஆனால் எவ்வளவு நீளம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெரிய மீனின் வாய்க்கு 15 செ.மீ. குறடு பொம்மை மாதிரி. 25-30 செ.மீ. இருந்தால்தான் உங்கள் விரல் பல்லுக்கு வெளியே நிற்கும், குறட்டின் நுனி முள்ளைத் தொடும். வளைந்த மூக்கு சில கோணங்களில் உதவும். நேர் மூக்கில் பிடி உறுதி. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நேர் மூக்கு. டாக்டர்கள் பயன்படுத்துவது போன்ற பூட்டும் ஃபோர்செப்ஸ், மெல்லிய ஒற்றை முள்ளுக்குக் கச்சிதம். தடிமனான மும்முனை முள்ளை அதில் திருகினால் ஃபோர்செப்ஸ்தான் திருகிக்கொள்ளும். நீளக் கம்பியின் முனையில் வளைவு உள்ள முள்கழற்றி ஒற்றை முள்ளுக்கு மின்னல்: முள்ளின் வளைவில் கொளுவி, நரம்பை, அதாவது தூண்டில் இழையைக் கீழே இழுத்து, கம்பியை மேலே தூக்கினால் மீன் தன் கனத்தாலேயே கழன்று தண்ணீரில் விழும். மீனைத் தொடவே வேண்டாம்.

இப்போது கட்டர். சின்ன போல்ட் கட்டர், ஒரு கையால் பிடித்து அழுத்தக்கூடிய 20 செ.மீ. ரகம். தடித்த கம்பியை ஒரே அழுத்தில் நறுக்கும். எதிர்ப்பக்கம் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும் முள், இரண்டு முனை உள்ளே ஒரு முனை வெளியே என்று சிக்கிய மும்முனை, வலையில் மாட்டியது, எல்லாவற்றுக்கும் ஒரே விடை: நறுக்கிவிடு. முள்ளின் விலையை நினைத்துக் கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் போகும் அரை நிமிடம் முழுக்க மீனுடையது.

மீனுக்கு மட்டுமில்லை. மும்முனை முள்ளில் ஒரு முனை மீனின் வாயில், இன்னொரு முனை உங்கள் கட்டைவிரலில் என்று ஒரு தடவை மாட்டிப் பார்த்தால் தெரியும். எனக்கு மாட்டியிருக்கிறது. மீன் ஒவ்வொரு தடவை தலையை ஆட்டும்போதும் விரல் அதோடு போகும். அந்த நேரத்தில் ஒரு கைதான் உங்களுடையது. கட்டர் பெட்டிக்குள், பெட்டி படகின் மறுமுனையில் என்றால் கதை முடிந்தது. முதலில் மீனையும் கையையும் பிரிக்கிற மாதிரி முள்ளை நறுக்க வேண்டும். மீன் தண்ணீருக்குப் போகட்டும். விரலில் இருப்பதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். எதிர்முள் (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) தோலுக்குள் போயிருந்தால் வந்த வழியே இழுக்காதீர்கள், சதையோடு வரும். கண்ணுக்குப் பக்கத்திலோ மூட்டிலோ ஏறியிருந்தால் தொடாமல் அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும். எங்கே குத்தியிருந்தாலும் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். கண்ணாடி போடுவதும் இதில்தான் சேரும். இழுபட்ட நரம்பிலிருந்து தெறித்து வரும் இரை நேராக முகத்துக்குத்தான் வரும்.

மீனின் வாயைத் திறந்தே வைக்கும் ஸ்பிரிங் கம்பி என்று ஒன்று உண்டு. பைக் மீனுக்கு விற்பார்கள். அளவு பெரிதாக இருந்தால் தாடையைப் பிளக்கும், முனையில் ரப்பர் இல்லாவிட்டால் அண்ணத்தைத் துளைக்கும். நீளக் குறடும் கட்டரும் இருந்தால் இதன் தேவை அபூர்வம். நான் எடுத்துப் போவதில்லை.

முள் ஆழமாகப் போயிருந்தால்

நோண்டுவதா, நரம்பை வெட்டி விடுவதா? தொண்டைக்குள் விழுங்கப்பட்ட ஒற்றை முள்ளுக்கு விடை தெளிவு. 2009-இல் ப்ளூகில் மீன்களில் பார்த்தபோது, ஆழமான முள்ளை நோண்டி எடுத்த மீன்களில் 33 சதவீதம் 48 மணி நேரத்தில் செத்தன. நரம்பை வெட்டிவிட்டவற்றில் 8 சதவீதம். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, வெட்டிவிட்ட மீன்களில் பத்தில் ஏழு தாமாகவே முள்ளைக் கழற்றியிருந்தன. முள்ளுக்கு மிக அருகில் வெட்ட வேண்டும். முழ நீள நரம்பு வாயிலிருந்து தொங்கக் கூடாது. துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் முள்ளை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

பெரிய பைக் ஒரு முழு செயற்கை இரையையே தொண்டைக்குள் அடைத்துக்கொண்டால் கதை வேறு. நரம்பை வெட்டிவிட்டால் இரை வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும், மீன் தின்ன முடியாது. அங்கே கட்டரை நீட்டி முனைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, இரையை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். நறுக்கிய துணுக்குகள் உள்ளே இருந்தால் பரவாயில்லை.

செவுளில் ரத்தம் வந்தால் சோடா பானம் ஊற்றினால் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை பல இடங்களில் உண்டு. 2020-இல் பைக் மீன்களில் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு பயனும் இல்லை. தண்ணீரில் வைத்திருப்பதுதான் வைத்தியம். சோடா உங்களுக்கு.

உண்மையில் இந்தச் சங்கடங்களில் பாதி, முள்ளைத் தேர்ந்தெடுக்கும்போதே தீர்கிறவை. எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் செலவு ஒன்றுமில்லை, கழற்றும் நேரம் குறையும், உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே வரும். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் 1990 முதல் எதிர்முள் இல்லாத தூண்டில் கட்டாயம். மீன் கழன்றுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் அவ்வளவாகக் கழலாது. மும்முனையைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் பூட்டுவது அடுத்த படி. உயிர் இரையோ வெட்டு இரையோ போட்டுக் கெளுத்திக்குக் காத்திருக்கிறவர்கள் வட்டத் தூண்டிலுக்கு மாறலாம். அதன் நுனி உள்நோக்கித் திரும்பியிருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாய் ஓரத்தில் ஏறும். ஒரே நிபந்தனை, மீன் இழுத்ததும் தூண்டில் கழியைச் சுண்டி இழுக்கக் கூடாது. ரீலைச் சுற்றி நரம்பை விறைக்கவைத்தால் போதும். பழைய பழக்கத்தில் கை தானாகச் சுண்டும். முதல் சில மீன்கள் போகும். போகட்டும்.

நரம்பையும் ஒரு பாதுகாப்புக் கருவியாகவே நான் எண்ணுகிறேன். மெல்லிய நரம்பில் பெரிய மீனை அரை மணி நேரம் ஆட்டம் காட்டி எடுப்பதில் பெருமை இருக்கலாம். அந்த அரை மணி நேரமும் மீனின் தசையில் அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். தடித்த நரம்பு, வலுவான கழி, சீக்கிரம் கரை, சீக்கிரம் விடுதலை.

தண்ணீருக்குள்ளா, மெத்தையிலா?

தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே விட முடிந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் பெரிய ஸ்டர்ஜன் மீனைத் தண்ணீரை விட்டு எடுப்பதற்கே தடை. ஆனால் சரிந்த கரை, உயரமான மேடை என்று இருந்தால் வெளியே எடுத்தே ஆக வேண்டியிருக்கும். அப்போது புல், மணல், கூழாங்கல், படகுத் தளம் எதுவும் வேண்டாம். வெயிலில் கிடந்த படகுத் தளம் தோசைக்கல். ஓரம் உயர்ந்த, நுரை அடைத்த மெத்தையை விரித்து, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் கிடத்த வேண்டும். மீன் துள்ளினால் கண்ணை ஈரத்துணியால் மூடுங்கள், அநேகமாக அடங்கிவிடும். இங்கிலாந்தின் கெண்டைத் தூண்டில்காரர்கள் இதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். பலன் கண்கூடு: அங்கே பென்சன் என்று பெயர் வைத்த கெண்டை ஒன்று 60 தடவைக்கு மேல் பிடிபட்டு, விடப்பட்டு, 2009-இல்தான் இறந்தது; உச்சத்தில் அதன் எடை சுமார் 29 கிலோ.

எடை பார்க்க ஆசைப்படாதவர் யார்? ஈரத் தூளியில் வைத்துத் தூளியோடு தூக்குங்கள், அப்புறம் தூளியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். தூளி இல்லையென்றால் வலைக்குள்ளேயே நீளத்தையும், உடம்பின் தடித்த இடத்தில் சுற்றளவையும் அளந்தால் போதும். சென்டிமீட்டரில், நீளத்தைச் சுற்றளவால் இரண்டு தடவை பெருக்கி 28,900-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறக்குறைய வரும். நீளம் 100, சுற்றளவு 50 என்றால் எட்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மெலிந்த மீனுக்கு இது சற்று முன்பின் போகும், ஆனால் மீனுக்கு ஒரு கீறலும் இல்லை.

படம் எடுப்பதற்கு என் விதி: கேமரா தயார், எடுப்பவர் தயார், சட்டத்துக்குள் நான் தயார், அதற்குப் பிறகுதான் மீன் மேலே வரும். தூக்கும்போது என் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டும்போது அது தண்ணீருக்குப் போய்விட வேண்டும். ஒரு கை வால் அடியில், ஒரு கை நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே, உயரம் முழங்காலுக்கு மேல் வேண்டாம்.

விடும்போது

மீனின் வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவதை எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகிறது. மீன் அப்படி மூச்சு விடுவதில்லை. ஓடும் நீராக இருந்தால் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிமிர்த்திப் பிடித்தால் போதும். தேங்கிய நீரில் மெதுவாக முன்னோக்கி மட்டும், வட்டமாக நடத்தலாம். நிமிர்ந்து நின்று, கையை உதறுகிற மீனுக்கு எந்த உதவியும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

விடலாமா என்று சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள். மீனைத் தண்ணீருக்குள் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தால், தெம்புள்ள மீனின் கண் உடம்போடு சாயாது. மட்டமாகவே நிற்கப் பார்க்கும். பொம்மைக் கண்போல் உடம்போடு சேர்ந்து கண்ணும் உருண்டால் அது இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறது. வாலைத் தொட்டுப் பார்த்து ஓடப் பார்க்கிறதா என்பது இரண்டாவது சோதனை. இரண்டிலும் தேறாத மீனுக்குத்தான் மீட்புப் பை: இரு முனையிலும் வலை வைத்த நீளப் பை, நீரோட்டத்தில் கட்டி வைத்தால் மீன் நிமிர்ந்தபடி மூச்சு வாங்கிக்கொள்ளும். நீங்கள் குளிர்ந்த தண்ணீரில் குனிந்தே நிற்க வேண்டியதில்லை. பை இல்லாதவருக்குப் பெரிய கைவலையே பை.

விராலும், தென்னமெரிக்காவின் பெரிய மீனான அரபைமாவும் இந்த விதிகளுக்கு வெளியே. இரண்டும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்கள். "தண்ணீரில் வைத்துத் தெளியவைக்கிறேன்" என்று அவற்றின் தலையை அமுக்கிப் பிடித்தால் மூழ்கடிப்பதாகத்தான் அர்த்தம். தலையை மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் விட்டு, அது ஒரு மடக்குக் காற்றை வாங்கும்வரை பொறுத்து விட வேண்டும். கெளுத்திக்கு வேறு எச்சரிக்கை: நெஞ்சுத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் உள்ள முட்கள் விறைத்து நிற்கும். வலைக் கண்ணியில் அவை மாட்டினால் இழுக்காமல் பின்னோக்கித் தள்ளி எடுங்கள்.

பத்து மீட்டருக்கும் ஆழத்திலிருந்து வரும் மீனுக்கு மேலே வருவதே அடி. பத்து மீட்டரில் அழுத்தம் மேல்மட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. மேலே வந்ததும், மீனை மிதக்கவைக்கும் காற்றுப் பையில் உள்ள வாயு இரண்டு மடங்காகப் பெருகும். கெண்டை, கெளுத்தி, ட்ரவுட் இனங்களுக்குக் காற்றுப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு, ஏப்பம் விட்டுச் சமாளிக்கும். பெர்ச் மீன் குடும்பத்துக்கும் பாஸ் மீனுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றுக்கு ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதா, எடை கட்டிய கவ்வியில் மாட்டித் திரும்ப ஆழத்துக்கே இறக்கி விடுவதா? இறக்குவதுதான். ஊசி தவறான இடத்தில் போனால் ஈரலில் போகும். அதைவிடச் சுலபம், விடுகிற எண்ணத்தோடு போகிறவர் ஆழத்தில் இரை போடாமல் இருப்பது.

கடைசியாக, யாரும் கருவி என்று நினைக்காத ஒன்று: வெப்பமானி. 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ட்ரவுட்டுக்கு 20, மஸ்கிக்கு 27 என்று பல தூண்டில்காரர்கள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் அன்றைக்குக் கழியைச் சுருட்டிவிடுகிறார்கள்.

என்ன வாங்குவது?

காசுக்கு ஏற்ற வரிசை என் கணக்கில் இப்படி. முதலில் கட்டரும் நீளக் குறடும். இரண்டும் சேர்ந்தே ஒரு நல்ல உதடுபிடியைவிட மலிவாக வந்துவிடும். அடுத்து, பிடிக்க நினைக்கும் மீனைவிட ஒரு அளவு பெரிய ரப்பர் பூசிய கைவலை. மூன்றாவது, கரையிலிருந்து பிடிக்கிறவருக்கு மெத்தை, படகிலிருந்து பிடிக்கிறவருக்கு அளவுநாடா. இருவராகப் போய் நீள மீனைத் தேடுகிறவர்கள் தொட்டில் வலையைப் பற்றி யோசிக்கலாம். கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் தனியாகப் போகிறவருக்கு மட்டும் உதடுபிடி முன்னால் வரலாம், அங்கே பெரிய வலையை விரிக்க இடம் இருக்காது. அவர் முதலில் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தனிக்கதை. பத்துக் கிலோ மீன் ஒரு பக்கம் இழுக்கும்போது கயாக்கும் அந்தப் பக்கம்தான் சாயும்.

வாங்கியதைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். குறடு வலப்பக்க இடுப்பில், கட்டர் மார்புப் பையில், இரண்டுக்கும் சுருள் கயிறு. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் கட்டரை எடுத்து ஒரு பழைய முள்ளை நறுக்கிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒன்பது விநாடி ஆனது. அந்தப் பைக் மீனுக்குப் பிறகு இப்போது மூன்று.